நடுக்கோட்டில் உருவாகும் முகம்

அட்டப்பாடி கருப்பு ஆடு தனி இனமாகப் பதிவு பெற்ற ஆடு. உடம்பெல்லாம் கரிய மயிர், வெண்கல நிறக் கண். பாலக்காடு மாவட்டத்தின் இந்த மலைப்பகுதியிலிருந்து ஆனைகட்டி வழியாக இறங்கினால் கோயம்புத்தூர் வந்துவிடும். தெற்கே இடுக்கி மாவட்டத்தில் மறையூர், வட்டவடை, குமுளி. அந்தப் பக்கம் உடுமலை, போடி, கம்பம். இந்தத் தமிழக–கேரள எல்லை நெடுக ஆடு மாடு இல்லாத ஊர் கிடையாது. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் நிலம் இது.

ஆடு வளர்க்கும் ஊர்களில் எப்போதாவது ஒரு குட்டி ஒற்றைக் கண்ணோடு பிறக்கும். முகத்தின் நடுவில் ஒரே பெரிய கண். மூக்கு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். சில குட்டிகளுக்குக் கண்ணுக்கு மேலே தும்பிக்கை போலச் சின்னதாக ஒரு சதை நீண்டிருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறந்துவிடும். அதற்குள் ஊர் கூடிவிடும். தெய்வக் குறி என்று கும்பிடுவோர் உண்டு, ஊருக்குக் கேடு என்று பயப்படுவோரும் உண்டு.

மனிதக் குழந்தையின் முகத்தில் குறை தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி திரும்பும். கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று பழி முழுவதும் தாயின் தலையில் விழும். பிரசவ வலி ஓயும் முன்பே அந்தப் பெண் குற்றவாளி ஆகிவிடுவாள்.

குட்டிக்கும் குழந்தைக்கும் நேர்ந்தது என்ன என்பதைக் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் அறிவியல் படிப்படியாகக் கண்டறிந்திருக்கிறது. அமெரிக்க மேய்ச்சல் நிலத்தில் தொடங்கி, ஈயின் புழு, கோழிக்கரு, சுண்டெலி வழியாகப் பெங்களூரு ஆய்வகம் வரை நீண்ட தேடல் அது. அதன் சாரம் இதுதான்: முகமும் மூளையும் தனித்தனியே உருவாவதில்லை. கருவின் நடுக்கோட்டில் எழும் ஒரே கட்டளைக்கு இரண்டுமே கீழ்ப்படிகின்றன.

ஐடஹோவின் ஆட்டுக்குட்டிகள்

1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறி வளர்ப்பவர்கள் பெரும் கவலையில் இருந்தார்கள். மலை மேய்ச்சலுக்குப் போய்வந்த மந்தைகளில் ஒற்றைக் கண் குட்டிகள் அடுத்தடுத்துப் பிறந்தன. வளர்ப்பவர்கள் முதலில் நினைத்தது பரம்பரைக் கோளாறு என்றுதான். அந்நாட்டு வேளாண்துறை அனுப்பிய வெய்ன் பின்ஸ் என்ற ஆய்வாளர் கோடைக்காலங்களில் மந்தையோடு மலையில் தங்கி, ஆடுகள் எதைக் கடிக்கின்றன என்று கவனித்தார். வறட்சிக் காலத்தில் அவை மேட்டுப் புல்வெளியில் வளரும் வெராட்ரம் என்ற காட்டுச் செடியைத் தின்றன. சினையாட்டுக்கு அந்தச் செடியைக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு துல்லியமான கணக்கு கிடைத்தது. கருத்தரித்த 14ஆம் நாள் தின்ற ஆடுதான் ஒற்றைக் கண் குட்டி போட்டது. அந்த நாளுக்கு முன்போ பின்போ தின்றால் இந்தக் குறை வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இத்தகைய குட்டியைச் சுமந்த ஆடுகளில் பல, நாள் கடந்தும் ஈனவில்லை. ஆட்டில் ஈற்றைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கிளம்ப வேண்டும். மூளையின் அடிப்புறத்தில் தொங்கும் அந்தச் சுரப்பி இந்தக் குட்டிகளில் சரியாக உருவாகவே இல்லை. முகத்தில் கண்ட குறைக்குப் பின்னால் மூளையிலும் குறை இருந்தது.

1960களில் ரிச்சர்ட் கீலர் அந்தச் செடியிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார். ஒற்றைக் கண் அரக்கர்களைப் பற்றிய கிரேக்கப் புராணத்தை ஒட்டி அதற்கு சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள். அது உடம்பில் எதைத் தடுக்கிறது என்பது மட்டும் முப்பது ஆண்டுகள் வரை பிடிபடவில்லை.

வெராட்ரம் அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் செடி. நம் எல்லை ஊர்களில் பிறக்கும் ஒற்றைக் கண் குட்டிக்கு அது காரணமாக இருக்க முடியாது. செடி எட்டாத இடத்திலும் அதே குறை வருகிறது என்றால், நஞ்சு எந்தக் கட்டளையைத் தடுத்ததோ அதே கட்டளை வேறு வழியிலும் தடைபடலாம் என்று பொருள். அந்தக் கட்டளையை எழுதிவைத்திருக்கும் மரபணுவைத் தேடியவர்கள் ஆட்டைப் பார்க்கவில்லை, பழ ஈயைப் பார்த்தார்கள்.

ஈயின் புழுவிலிருந்து மனித முகம் வரை

1980ஆம் ஆண்டு கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்கார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். ஒரு மரபணு கெட்ட புழுவுக்கு உடம்பெங்கும் முட்கள் அடர்ந்திருந்ததால் அந்த மரபணுவுக்கு ஹெட்ஜ்ஹாக் என்று பெயர். இந்தப் பணிக்காக இருவருக்கும் 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. 1993இல் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் முதுகெலும்பிகளுக்கான வடிவங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் முதன்மையானது சோனிக் ஹெட்ஜ்ஹாக்.

இந்த மரபணு ஆக்கும் புரதம் கருவின் நடுக்கோட்டில் சுரந்து இருபுறமும் பரவுகிறது. ஊதுவத்தி ஏற்றிய இடத்தில் மணம் தூக்கலாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருப்பதுபோல, நடுக்கோட்டை ஒட்டிய செல்களுக்கு இந்தப் புரதம் அதிகமாகவும் தூரத்துச் செல்களுக்குக் கொஞ்சமாகவும் கிடைக்கும். ஒவ்வொரு செல்லும் தனக்குக் கிடைத்த அளவை வைத்துத் தான் என்னவாக மாற வேண்டும் என்று முடிவெடுக்கிறது.

கண் உருவாவதற்கான இடம் முதலில் நடுவில் ஒரே பரப்பாகத்தான் இருக்கும். நடுக்கோட்டிலிருந்து வரும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் அதை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாக அனுப்புகிறது. முன்மூளையும் வலம் இடம் என்று இரண்டு அரைக்கோளங்களாகப் பிரிவது இதே கட்டளையால்தான். கட்டளை வராவிட்டால் கண் ஒன்றாகவே நின்றுவிடும், மூளையும் பிரியாது. 1996இல் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கருவில் இதுவே நடந்தது. 1998இல், சைக்ளோபமின் தடுப்பது இந்தச் சமிக்ஞையைத்தான் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பீச்சி குழுவினர் காட்டினர். மேய்ச்சல் நிலத்துப் புதிரும் ஈயின் மரபணுவும் அங்கே சந்தித்தன.

மனிதர்களில் முன்மூளை சரியாகப் பிரியாத இந்த நிலைக்கு ஹோலோப்ரோசென்செஃபலி என்று பெயர். மாக்ஸிமிலியன் முயன்கேயும் அவருடன் உழைத்தவர்களும் 1996இல் இந்த நோயுள்ள குடும்பங்களில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் பிழைகளைக் கண்டார்கள். கருவாகும் நிலையில் ஏறத்தாழ 250இல் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. பெரும்பாலானவை கருச்சிதைவில் முடிந்துவிடுவதால், உயிரோடு பிறப்பவை ஏறத்தாழ 10,000இல் ஒன்று. நாள் தள்ளிப்போய்க் கலைந்த எத்தனையோ கருக்களின் கதை இதற்குள் இருக்கிறது. அவற்றுக்கும் தாய் பழி சுமந்திருப்பாள்.

இந்த நோய் எல்லாரிடமும் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு முனையில் ஒற்றைக் கண், மறுமுனையில் கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் சின்ன அடையாளம். நம் மேல்வரிசையின் நடுவில் இரண்டு முன்பற்கள் இருக்கும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் பிழையைச் சுமக்கும் சிலருக்கு அங்கே நட்டநடுவில் ஒரே பல் இருக்கும். அறிவில் குறையில்லை, வேலை பார்க்கிறார், குடும்பம் நடத்துகிறார். அவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு அதே பிழை கடுமையாக வெளிப்படலாம். அந்தக் குடும்பத்தின் மருத்துவ வரலாற்றை அந்த ஒற்றைப் பல் ஒரு மரபியல் மருத்துவருக்குச் சொல்லிவிடும்.

முகத்தின் நடுப்பகுதியைப் பார்த்தே மூளையில் எந்த அளவுக்குக் குறை இருக்கும் என்று ஊகிக்கலாம் என்பதை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் டிமையரும் உடன் ஆய்வாளர்களும் 1964லேயே எழுதினார்கள். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் மரபணு என்னவென்று தெரியாத காலத்தில், குழந்தைகளைக் கூர்ந்து பார்த்ததன் மூலமே அவர்கள் இந்த உறவைப் பிடித்துவிட்டார்கள்.

முகத்துக்கான செல்கள் எங்கிருந்து வருகின்றன

உங்கள் மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு சிறு பள்ளமும் அதன் இருபுறம் மெல்லிய மேடும் தட்டுப்படும். நீங்கள் கருவாக இருந்தபோது இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்துவந்த திசுக்கள் ஒன்றுசேர்ந்த இடம் அது. மனித முகம் ஐந்து முகைகளிலிருந்து எழுகிறது: நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. நான்காம் வாரத்தில் தொடங்கும் இந்த வேலை எட்டாம் வாரத்துக்குள் பெருமளவு முடிந்துவிடும். முகைகள் சேர வேண்டிய நேரத்தில் சேராவிட்டால் உதட்டுப் பிளவு. அதற்குக் கிரகணமும் காரணமில்லை, அரிவாள்மனையும் காரணமில்லை.

இந்த முகைகளை நிரப்பும் செல்கள் எங்கிருந்து வந்தவை என்பதுதான் வியப்பு. வில்ஹெல்ம் ஹிஸ் 1868இல் கோழிக்கருவில், நரம்புக்குழலின் மேல்விளிம்பில் ஒரு செல் கூட்டத்தைக் கண்டார். நரம்பு முகடு என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். மூளையாகப் போகும் குழலின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து கிளம்பிக் கருவின் முன்புறத்துக்கு நடந்துவரும் செல்கள் அவை. அவை எங்கே போகின்றன என்பதைத் திட்டவட்டமாகக் காட்டியவர் பிரான்சின் நிகோல் ல துவாரன். காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் கோழிச் செல்லிலிருந்து வேறுபட்டுத் தெரியும். 1969 முதல் அவர் காடையின் நரம்பு முகடுச் செல்களைக் கோழிக்கருவில் ஒட்டவைத்துப் பின்தொடர்ந்தார். முகத்தின் எலும்புகளும் குருத்தெலும்புகளும் பெரும்பாலும் அந்தச் செல்களாலேயே ஆனவை என்று தெரிந்தது. நம் தாடையும் கன்னமும் மூளையின் விளிம்பிலிருந்து இறங்கி வந்தவை.

2003இல் ரிச்சர்ட் ஷ்னைடரும் ஜில் ஹெல்ம்ஸும் வாத்தின் நரம்பு முகடுச் செல்களைக் காடைக் கருவுக்கு மாற்றினார்கள். காடைக்கு வாத்தின் அலகு வளர்ந்தது. முகத்தின் வடிவத்தை இந்தச் செல்கள் தங்களோடே கொண்டுவருகின்றன என்பதற்கு அது நேரடிச் சான்று.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் டயான் ஹூ, ரால்ஃப் மார்குஷியோ, ஹெல்ம்ஸ் ஆகியோர் முகத்தின் தோல்பரப்பில் ஒரு சிறு பகுதியைக் கண்டார்கள். மேல்தாடை எந்தத் திசையில் வளர வேண்டும் என்று சொல்வது அதுதான். அந்தப் பகுதி இயங்கத் தொடங்குவது முன்மூளையிலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை வந்த பிறகே. மூளை தன் முன்னால் உள்ள முகத்தை உருவாக்கத் தூண்டுகிறது. 2010இல் இதே வழியில் நேதன் யங்கும் சக ஆய்வாளர்களும் கோழிக்கருவில் இந்தச் சமிக்ஞையைக் கூட்டியும் குறைத்தும் அளந்தார்கள். குறைத்தபோது முகத்தின் நடுப்பகுதி ஒடுங்கியது. கூட்டியபோது விரிந்து கண்கள் விலகின. இடைப்பட்ட அளவுகளில் இடைப்பட்ட முகங்கள். நோயாளியின் முகத்தையும் நம் அன்றாட முகங்களையும் ஒரே அளவுகோல் இணைக்கிறது என்று இந்த ஆய்வு உணர்த்தியது.

நடுக்கோட்டின் அதிகாரம் மூளையின் மேல்புறத்திலும் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுபா தோலே குழு 2008இல் எல்ஹெச்எக்ஸ்2 என்ற மரபணுவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. பெருமூளைப் புறணியின் நடு ஓரத்தில் உள்ள ஒரு விளிம்புத் திசுதான், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் தன் பக்கத்தில் உருவாகும்படி கட்டளையிடுகிறது. எல்ஹெச்எக்ஸ்2 இல்லாத செல்கள் புறணியாக மாறாமல் அந்த விளிம்பாகவே மாறிவிட்டன. அவற்றின் பக்கத்தில் இருந்த நல்ல செல்கள் ஹிப்போகாம்பஸாக உருவெடுத்தன, இருக்கக்கூடாத இடத்தில். மூளையின் எந்தப் பகுதி எங்கே எழ வேண்டும் என்பது எத்தனை கறாரான ஏற்பாடு என்பதை இந்தியாவில் நடந்த இந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது. சுபா தோலே 2010இல் பட்நாகர் விருதும் 2014இல் இன்ஃபோசிஸ் பரிசும் பெற்றார்.

பெங்களூருவில் கிடைத்த ஏழாவது விலாசம்

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் அருண்குமார் பல ஆண்டுகளாகத் துரத்திய நோய் வேறு. குழந்தை பிறக்கும்போதே தலை மிகச் சிறியதாக இருக்கும், அறிவு வளர்ச்சி குன்றியிருக்கும். மூளையின் அமைப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அளவுதான் சிறியது. பிறவிச் சிறுதலை நோய் என்று சொல்லலாம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மரபணுவின் கெட்ட பிரதி வந்தால் மட்டுமே இது வெளிப்படும். ஒரே பிரதி கெட்டவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, தெரியவும் தெரியாது.

நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சதீஷ் கிரிமாஜி போன்ற மருத்துவர்களோடு சேர்ந்து அருண்குமார் இந்தியக் குடும்பங்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். 2004இல் அவர்கள் இந்தியக் குடும்பங்களில் ஏஎஸ்பிஎம் என்ற மரபணுவில் புதிய பிழைகளைக் கண்டறிந்தார்கள். அதுவரை இந்த நோய்க்கு மனித மரபணுத் தொகுதியில் ஆறு இடங்கள் அறியப்பட்டிருந்தன. அந்த ஆறிலும் சேராத 24 குடும்பங்களை எடுத்துக்கொண்டு தேடியபோது, ஐந்து குடும்பங்கள் முதலாம் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டின. அந்தப் பகுதியின் மரபணுக்களைத் துழாவியதில், மூன்று குடும்பங்களில் ஸ்டில் என்ற மரபணுவில் மூன்று வெவ்வேறு பிழைகள் கிடைத்தன. பிறகு சேர்ந்த இன்னொரு குடும்பத்திலும் அவற்றில் ஒன்று இருந்தது. 2009இல் முடிவு வெளியானது. மூளையின் அளவைத் தீர்மானிக்கும் ஏழாவது விலாசம் இந்தியக் குடும்பங்களின் ரத்தத்தில் கிடைத்தது.

இத்தகைய மரபணுவைத் தேட ஒரு வழி உண்டு. சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோரின் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். குரோமோசோமில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போகும் நீண்ட பகுதியைத் தேடினால், நோய் மரபணு அதற்குள் ஒளிந்திருக்கும். நோய்க்கு வழிவிடும் அதே உறவுமுறை, நோயின் மரபணுவைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

ஸ்டில் மரபணு அறிவியலுக்கு அதற்கு முன்பே அறிமுகமானதுதான். 1990வாக்கில் ரத்தப் புற்றுநோய் ஆய்வில் தட்டுப்பட்டது. 1999இல் ஷாய் இஸ்ரேலியும் உடன் ஆய்வாளர்களும் அதைச் சுண்டெலியில் நீக்கினார்கள். கரு பாதியிலேயே இறந்தது. நரம்புக்குழலின் நடுக்கோடு உருவாகவில்லை, சோனிக் ஹெட்ஜ்ஹாக் கட்டளைக்குச் செல்கள் பதில் தரவில்லை, இடம் வலம் என்ற ஒழுங்கே குலைந்திருந்தது. தலையின் அளவைத் தீர்மானிக்கும் மரபணுவும் முகத்தின் நடுக்கோட்டைப் பிரிக்கும் சமிக்ஞையும் ஒரே இடத்தில் சந்தித்தன.

அந்தச் சந்திப்பு நிகழும் இடம் சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்பு. ஒவ்வொரு செல்லிலும் குட்டையான உருளை வடிவத்தில் இருப்பது. அதற்கு இரண்டு வேலைகள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளை அது ஒழுங்குபடுத்துகிறது. பிரியாத நேரத்தில் செல்லின் மேற்பரப்புக்குப் போய், சிலியம் என்ற நுண்மயிரை எழுப்புகிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைச் செல் வாங்கிக்கொள்வது அந்த நுண்மயிர் வழியாகத்தான். இதை 2003இல் கேத்ரின் ஆண்டர்சன் ஆய்வகம் சுண்டெலியில் காட்டியது. சென்ட்ரியோல் புதிதாக உருவாக ஸ்டில் புரதம் தேவை. அதில் பிழை வந்தால், மூளையின் மூலச் செல்கள் சரியாகப் பிரிந்து பெருகாது, தலை சிறுக்கும். நுண்மயிரும் பாதிக்கப்பட்டால், நடுக்கோட்டுக் கட்டளை செல்லுக்குள் போய்ச் சேராது.

2014இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியான் ஆர்கின்ட்டும் எரிக் நிக்கும் இன்னொரு நுட்பத்தைக் கண்டார்கள். சிறுதலைக் குடும்பங்களில் கண்ட பிழைகள் ஸ்டில் புரதத்தின் வால்பகுதியை வெட்டிவிடுகின்றன. வேலை முடிந்ததும் புரதத்தைச் சிதைக்கச் சொல்லும் முத்திரை அந்த வாலில்தான் இருக்கிறது. முத்திரை போனதால் புரதம் சிதையாமல் தேங்குகிறது, சென்ட்ரியோல்கள் தேவைக்கு மேல் பெருகுகின்றன. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. 2015இல் வெளியான ஆய்வுகள், ஸ்டில் மரபணுவின் பிழை சில குழந்தைகளுக்குச் சிறுதலையோடு முன்மூளை பிரியாத நிலையையும் தருகிறது என்று காட்டின. இந்தியக் குடும்பங்களில் கிடைத்த மரபணு, ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டியின் புதிரோடு அதே கோட்டில் வந்து நின்றது.

எல்லை ஊர்களுக்கு இதனால் என்ன பயன்

சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் இந்தியாவில் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. இங்கே நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் உறவுக்குள் நடக்கிறது. கேரளத்தில் இது மிகக் குறைவு. பாலக்காட்டின் கிழக்கிலும் இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன், சில இடங்களில் அக்கா மகள் என்று முறை பார்க்கும் பேச்சு இன்றும் இருக்கிறது.

கணக்கைப் பயமில்லாமல் பார்ப்போம். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க 2 முதல் 3 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அது ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது. அதாவது உறவில் மணந்தவர்களின் நூறு குழந்தைகளில் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை ஏற்கெனவே சிறுதலையோடு பிறந்திருந்தால் நிலைமை வேறு. பெற்றோர் இருவரும் ஒரே பிழையைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இது தலைவிதி என்று விட வேண்டியதில்லை. மரபணுவில் உள்ள பிழை இன்னதென்று கண்டறிந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் பரிசோதிக்கலாம். அதற்கு மரபியல் ஆலோசனை வேண்டும், குடும்ப வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லா முக, மூளைக் குறைகளுக்கும் மரபணு மட்டும் காரணமல்ல. கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் கட்டுப்படாத சர்க்கரை நோய், ஹோலோப்ரோசென்செஃபலியின் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. வலிப்புக்குக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் மருந்து, நரம்புக்குழல் குறைகளோடும் முக வேறுபாடுகளோடும் குழந்தையின் அறிவு வளர்ச்சிக் குறைவோடும் தொடர்புடையது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் சஞ்சீவ் தாமஸ் 1998இல் தொடங்கிய கேரள வலிப்பு–கர்ப்பப் பதிவேடு, வலிப்புள்ள தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து மருந்துகளின் விளைவைப் பதிவு செய்துவருகிறது. வலிப்பு மருந்து சாப்பிடும் பெண் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி, தேவையானால் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் நேரம்தான் முக்கியம். நரம்புக்குழல் 28ஆம் நாளில் மூடிவிடுகிறது. முகத்தின் முகைகள் எட்டு வாரத்தில் சேர்ந்துவிடுகின்றன. பல பெண்களுக்கு மாதம் தள்ளிப்போனது உறுதியாகும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். ஃபோலிக் அமிலம் நரம்புக்குழல் குறை திரும்ப வருவதை 72 விழுக்காடு தடுக்கிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991இல் நிரூபித்தது. ஆனால் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கினால்தான் அந்தப் பலன். ரத்தசோகையும் ஊட்டக்குறைவும் நீண்ட காலமாக வாட்டும் அட்டப்பாடி ஊர்களில், கர்ப்பம் தெரிந்த பிறகு கொடுக்கும் மாத்திரை இந்த ஒரு விஷயத்தில் தாமதமாகவே போய்ச் சேரும்.

பிறந்த பிறகு செய்யக்கூடிய மிக எளிய பரிசோதனைக்கு ஓர் அளவுநாடா போதும். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்தலையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி, நாடா நழுவாமல் இழுத்துப் பிடித்துப் படிக்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைக்குச் சராசரி 34.5 செ.மீ., பெண் குழந்தைக்கு 33.9 செ.மீ. ஆண் குழந்தைக்கு 31.9க்கும் பெண் குழந்தைக்கு 31.5க்கும் கீழே இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரே அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது, மாதாமாதம் அளந்து வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். எடையைக் குறித்துவைக்கும் அதே அட்டையில் தலைச்சுற்றளவையும் குறிக்க ஒரு நிமிடம் போதும்.

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன் முகத்தையும் மூளையையும் சேர்த்தே பார்க்கிறது. முன்மூளை பிரியாத நிலையை அதற்கு முன்பே, பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டிய ஸ்கேனிலும் பெரும்பாலும் கண்டுவிடலாம். கருவின் மூளையைச் சரியாகப் படிக்க மருத்துவர்களுக்கு நல்ல வரைபடம் வேண்டும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி என்ற கருமூளை வரைபடம் அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கியிருக்கிறது. 5,132 மூளைச் சீவல்களை எண்ணிம வடிவில் பதிவு செய்து உருவாக்கிய அது, உலகில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவைக்கப்பட்டுள்ளது.

குறையோடு பிறந்த குழந்தைக்கும் செய்ய நிறைய இருக்கிறது. உதட்டுப் பிளவை முதல் ஆறு மாதத்துக்குள்ளும் அண்ணப் பிளவை ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை செய்து சரியாக்கலாம். சிறுதலைக் குழந்தைக்கு மூளையைப் பெரிதாக்கும் மருந்து கிடையாது. ஆனால் இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் வலிப்புக்கான சிகிச்சையும் அந்தக் குழந்தையின் வாழ்க்கையை வெகுவாக மாற்றும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளைக் கண்டறிய வழி செய்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக ஆரம்பகால இடையீட்டு மையங்களும் அதன்கீழ் வருகின்றன. மலையிலிருந்து அந்த மையத்துக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும்தான் பல குடும்பங்களுக்குத் தடை. அரசு முதலில் தீர்க்க வேண்டியது அதை.

எல்லையில் வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரசவம் கோயம்புத்தூரில், தடுப்பூசி பாலக்காட்டில், பெரிய டாக்டர் மதுரையில் என்று ஒரே குழந்தையின் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும். ஸ்கேன் அறிக்கை, தலைச்சுற்றளவு, குடும்பத்தில் யாருக்கு என்ன குறை இருந்தது என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். மரபியல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சென்ட்ரியோலிலும் நுண்மயிரிலும் நேரும் பிழையைத் தாய் உண்டாக்குவதில்லை. மறைந்து வரும் மரபணு நோயில் தந்தைக்கும் தாய்க்கும் பங்கு சரிபாதி, அதிலும் இருவருக்கும் குற்றம் எதுவும் கிடையாது. உங்கள் ஊரில் ஒரு குழந்தை முகக் குறையோடோ சிறுதலையோடோ பிறந்தால், கிரகணத்தைப் பற்றிய பேச்சை நீங்களே நிறுத்துங்கள். அந்தக் குழந்தையின் தலையை அளக்கச் சொல்லுங்கள், மரபியல் ஆலோசனைக்கு அனுப்புங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்லுங்கள். அறுபது எழுபது ஆண்டு ஆராய்ச்சி நமக்குக் கொடுத்திருக்கும் அறிவு, அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் வார்த்தையில் வெளிப்பட வேண்டும்.